கொடைக்கானல் மேல்மலையில் சிறுதொழில் தொடங்க நினைக்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோவைக்காரி | 8 ஜூன் 2025

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறோம். எட்டு வயதில் ஒரு மகள். மூன்று வருடமாக லீவு கிடைத்தாலே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று மேல்மலைக்குத்தான் போகிறோம். இப்போது அங்கேயே குடியேறிவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்திருக்கிறது.

கையில் 22 லட்சம் இருக்கிறது. கவுஞ்சிப் பக்கம் ஒரு புரோக்கர் 40 சென்ட் இடம் காட்டினார். அதில் மூன்று அறை கட்டி ஹோம்ஸ்டே, கூடவே மலைப்பூண்டு, காபி, தேன் வாங்கி ஆன்லைனில் விற்பது. இதுதான் திட்டம். வீடியோ போடுகிறவர்கள் பனியையும் டீ கிளாஸையும் காட்டுகிறார்களே தவிர, கணக்கை யாரும் காட்டுவதில்லை. வெளியிலிருந்து போய் மலையில் தொழில் தொடங்கியவர்கள், மலையிலேயே பிறந்தவர்கள், இருவருமே மனதில் பட்டதைச் சொல்லுங்கள். கசப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

---

நிலவளவை | 8 ஜூன் 2025

அம்மா, முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன், மலைத் தாலுகாக்களில் பல வருடம் நடந்திருக்கிறேன். சமவெளியில் இடம் வாங்குகிற பழக்கத்தில் மலையில் வாங்கக் கூடாது. பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தமாக இருக்கும், ஆனாலும் அங்கே நீங்கள் ஒரு அறைகூடக் கட்ட முடியாமல் போகலாம். அந்தக் கிராமம் ஹாகா பட்டியலில், அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ், வருகிறதா என்று பாருங்கள். 1949ஆம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் விற்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் முன்அனுமதி வேண்டும். கண்டிஷன் பட்டாவா, அதாவது அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலமா என்பதையும் கேளுங்கள், புரோக்கர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார். ஜேசிபி வைத்து மண்ணை வெட்டிச் சமப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள்.

அப்புறம் பாதை. மேல்மலையில் பாதி இடங்களுக்கு வழி அடுத்தவர் காட்டின் வழியாகத்தான் இருக்கும். இன்று அவர் சிரித்துக்கொண்டே விடுவார். நாளைக்கு அவருடைய மகன் கேட் போடுவான். பாதை உரிமை பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

சும்மா பயமுறுத்தவில்லை. நீலகிரியில் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளுக்கு 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. இதற்கு இடையில் 2019இல் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் வரிசையாகச் சீல் வைக்கப்பட்டன. அவற்றில் கடன் வாங்கிக் கட்டியவர்களும் இருந்தார்கள்.

---

பூண்டுக்காடு | 9 ஜூன் 2025

தங்கச்சி, நான் மேல்மலையில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும்தான். நிலம் பற்றி சார் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் காட்டுக்குத் தண்ணீர் மேலே சோலைக்குள் இருக்கிற ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. அங்கிருந்து கறுப்பு ஓஸ் போட்டு இறக்கியிருக்கிறோம், கிட்டத்தட்ட முக்கால் கிலோமீட்டர். காட்டுமாடு மிதித்தால் ஓஸ் கழன்றுவிடும். பன்றி வந்தால் கடித்துவிடும். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஓஸைக் கையால் தடவிக்கொண்டே மேலே ஏறுவோம். எங்கே சில்லென்று இல்லையோ அதற்கு மேலேதான் உடைப்பு. மாசி, பங்குனியில் ஊற்று சுண்டிப்போகும். அப்போது முறைத் தண்ணீர்தான். இன்றைக்கு மேல்வீடு, நாளைக்கு எங்கள் வீடு. எங்கள் தாத்தா காலத்து முறை இது, எந்தப் பத்திரத்திலும் கிடையாது.

இப்போது நீங்கள் மூன்று அறை கட்டினால், ஆள் நிரம்பி வழியும் சித்திரை வைகாசியில்தான் எங்களிடம் தண்ணீர் இருக்காது. வருகிறவர் சுடுதண்ணீரில் அரைமணி நேரம் குளிப்பார், காசு கொடுத்திருக்கிறார் அல்லவா. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே ஒருவன் காய்ந்த பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதனால் இடம் பார்க்க வந்தால் மழைக்காலத்தில் வராதீர்கள். மார்ச் கடைசியில் வந்து, அந்த நிலத்துக்கு எந்த ஊற்று, யார் யார் பங்கு என்று ஊரில் நாலு பேரிடம் கேளுங்கள்.

வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

---

திரும்பிவந்தவன் | 9 ஜூன் 2025

பூண்டுக்காடு அண்ணன் எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் சொல்கிற அந்த மேலே இருக்கிற ஆள் நான்தான். ஊர் வேறாக இருக்கலாம், கதை ஒன்றே.

2017இல் சென்னையில் வேலையை விட்டுவிட்டுப் போனேன். நாலு அறை கட்டினேன். முதல் சீசன் நன்றாக ஓடியது. இரண்டாவது வருடம் நவம்பரில் கஜா புயல். மலைமேல் என்ன புயல் என்று நினைத்தேன். மரங்கள் ரோட்டில் விழுந்து கிடந்தன, கரண்ட் பல நாள் இல்லை, புக்கிங் எல்லாம் கேன்சல். அதுகூடப் பரவாயில்லை, எழுந்துவிடலாம். எழ முடியாமல் செய்தது அடுத்த கோடையில் வந்த தண்ணீர்ப் பிரச்சினை. நான் பெரிய தொட்டி கட்டி, ராத்திரியில் வால்வைத் திறந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அது திருட்டாகத் தெரியவில்லை, என் நிலத்தில் என் குழாய் என்று நினைத்தேன். ஒரு நாள் காலையில் கீழ்வீட்டு அம்மா வந்தார். சண்டை போடவில்லை. இரண்டு குடத்தை என் வாசலில் வைத்துவிட்டு, "நிரப்பிக் கொடு தம்பி, மாட்டுக்கு வேணும்" என்றார். நிரப்பிக் கொடுத்தேன். அன்றைக்குப் பிறகு அந்த ஊரில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமையலுக்கு வந்த அக்காவும் நின்றுவிட்டார்.

2020இல் ஊரடங்கு வந்தது, 2022இல் வந்த விலைக்கு விற்றுவிட்டு இறங்கினேன். புயல், கொரோனா என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உண்மையில் தொழில் அந்த இரண்டு குடத்தோடு முடிந்துவிட்டது. நீங்கள் கணக்கு கேட்டீர்கள், அதனால் இதையும் கணக்கில் சேர்த்துச் சொல்கிறேன்.

---

ஜீப்டிரைவர்_கொடை | 10 ஜூன் 2025

எல்லோரும் இப்படியே எழுதினால் யாருமே வர மாட்டார்கள். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். என்னோடு பத்தாவது படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். நான் ஊரிலேயே இருப்பதற்குக் காரணம், வெளியூர்க்காரர் ஒருவர் மேலே தங்குமிடம் நடத்துவதுதான். வண்டி ஓட்டம் எனக்கு, சமையல் என் அண்ணிக்கு, முட்டை பால் பக்கத்து வீட்டில். அவர் ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறார், இழவு வீட்டுக்கு வந்து உட்காருகிறார். மலையில் பிறந்தவர்கள் மட்டும்தான் மலையில் பிழைக்க வேண்டும் என்றால், மலையில் பிறந்த நாங்கள் கீழே இறங்கிப் பிழைக்கிறோமே, அது மட்டும் எப்படிச் சரி?

ஆனால் அக்கா, ஹோம்ஸ்டே கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் 1 முதல் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரையறை வைத்தது. வருகிற கூட்டமும் பெரும்பாலும் ஏரி, தூண்பாறை பார்த்துவிட்டு டவுனிலேயே படுத்துவிடும். 35 கிலோமீட்டர் தாண்டி மன்னவனூர் வரை வந்து தங்குகிறவர்கள் கொஞ்சம்தான். வந்தவர்கள் திரும்ப வருவார்கள் என்பதும் உண்மை. டென்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. எங்கள் பக்கம் ராத்திரியில் காட்டுமாடு வாசல் வரை வரும்.

---

கோவைக்காரி | 10 ஜூன் 2025

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. திரும்பிவந்தவன் அண்ணா, உங்கள் பதிவை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இடத்துக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. இந்த வாரம் கொடுப்பதாக இருந்தோம், நிறுத்திவிட்டோம்.

ஒரு கேள்வி. அறை கட்டுவதை விட்டுவிட்டால், பொருள் விற்பனை மட்டும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுமா?

---

தாண்டிக்குடி_மிளகு | 12 ஜூன் 2025

போடும். ஆனால் முதல் இரண்டு வருடம் போடாது. எப்படி என்று என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

நான் மதுரைக்காரி. 2016இல் தாண்டிக்குடிப் பக்கம் வந்தேன். இது கீழ்மலை, உங்கள் மேல்மலையைவிட உயரம் குறைவு. காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை என்று நிழலுக்குள் வளர்கிற ஊர். சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். வந்தவுடன் இடம் வாங்கவில்லை, அதற்குப் பணமும் இல்லை. ஒரு பழைய ஓட்டு வீட்டை ஒத்திக்கு எடுத்தேன். அதுவே என்னைக் காப்பாற்றியது.

முதல் ஜனவரியில் 600 கிலோ காபிப் பழம் வாங்கினேன். பழமாக வாங்கினால் ஆறு கிலோவுக்கு ஒரு கிலோ கொட்டைதான் தேறும், ஆக 100 கிலோ கைக்கு வர வேண்டும். தோல் உரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயப்போட்டேன். ராத்திரி பனி விழுமே என்று தார்ப்பாயை இறுக்கி மூடினேன். காலையில் பத்து மணிக்கு வெயில் வந்த பிறகுதான் திறப்பேன். நாலாவது நாள் பாயைத் தூக்கினால் புளித்த கோணிச் சாக்கு வாசனை. என்ன தவறு என்று புரியவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஐயா வந்து ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். பல்தடம் பதிந்தது. "ஈரம் உள்ளேயே நிக்குதும்மா. காஞ்சா டக்குன்னு உடையணும். மூடுறதுக்கு முன்னாடி குவிச்சு வை, பாய்க்கும் கொட்டைக்கும் நடுவுல காத்து போகணும்" என்றார். அந்த வருடக் கொட்டையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டேன்.

தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடுத்த வருடம் முதலில் போய் நின்றது அங்கேதான், இரண்டாவது அந்த ஐயா வீட்டுத் திண்ணையில். இன்றைக்கு அவருடைய பழத்தையும் சேர்த்துப் பதினொரு வீட்டுப் பழத்தை வாங்குகிறேன். பழுத்ததை மட்டும் பறித்துக் கொடுத்தால் வியாபாரி விலைக்கு மேலே ஒரு தொகை. வறுத்து, அரைத்து, சந்தா கட்டிய வீடுகளுக்கு மாதம் ஒரு தடவை அனுப்புகிறேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துத்தான் செய்ய வேண்டும், சிறு அளவு என்றால் அது பெரிய வேலை இல்லை.

கோவைக்காரி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மலையில் ஏற்கெனவே விளைந்துகொண்டிருக்கிற ஒன்றை எடுத்து, அதில் எந்த இடத்தில் விவசாயிக்குப் பணம் கசிகிறதோ அந்த இடத்தில் போய் நில்லுங்கள். காபியில் அது காயவைப்பதும் வறுப்பதும். பூண்டில் எது என்று பூண்டுக்காடு அண்ணன்தான் சொல்ல வேண்டும். அந்த வேலையை நீங்கள் சரியாகச் செய்தால் உங்களை வெளியூர்க்காரி என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அறை கட்டுவதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு வருடம் கழித்து, ஊரில் யார் வீட்டிலாவது காலியாக இருக்கிற அறையைச் சீர்செய்து அவர்களோடு பங்குக்கு நடத்துங்கள். புதிதாக ஒரு சுவரும் எழுப்ப வேண்டியதில்லை.

---

பூண்டுக்காடு | 13 ஜூன் 2025

அக்கா கேட்டதால் சொல்கிறேன். பூண்டில் பணம் கசிவது அறுத்த முதல் மாதத்தில். கடன்காரனுக்காகப் பச்சையாகவே மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு இறக்கிவிடுவோம். ஈரப் பூண்டு எடை நிற்கும், ஆனால் விலை நிற்காது. கையில் காசு இருக்கிறவன் கொத்தாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவான். நாளாக ஆக எடை குறையும், விலை ஏறும், மணமும் ஏறும். எங்கள் அம்மா ஒரு கொத்தை எடுத்துக் காதோரம் வைத்து அசைப்பார். தோல் சலசலவென்று சத்தம் போட்டால்தான் இறக்குவார். அந்தக் காத்திருக்கிற காலத்துக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தால் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு ஆன்லைனில் எல்லாப் பூண்டும் கொடைக்கானல் பூண்டு ஆகிவிட்டது. வேறு மாநிலப் பூண்டைக் கலந்து விற்கிறார்கள். தங்கச்சி, நீங்கள் விற்றால் தயவுசெய்து கலக்காதீர்கள். அந்த முத்திரையை நினைத்தவர்கள் பையில் அச்சடிக்கவும் முடியாது, பதிவு செய்த பயனாளராக இருக்க வேண்டும். பெயர் கெட்டால் நீங்கள் வேறு பொருளுக்குப் போய்விடுவீர்கள். எங்களுக்குப் போக இடம் இல்லை.

---

சித்தேரி_அடிவாரம் | 15 ஜூன் 2025

வேறு மலைக்காரன், ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி அங்கே ஒரு கூரைக் கொட்டகையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். பழங்குடி நலத் திட்டம் என்ற அந்த அமைப்பு பிறகு ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது 2004இல்தான், பதினோரு வருடம் கழித்து. சிறுதானியம், மஞ்சள் என்று விவசாயிகளே விற்கிறார்கள். லம்பாடிப் பெண்களின் பழைய எம்பிராய்டரியை மீட்டு 'பொர்கை' என்று இன்னொரு தொழில். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று அர்த்தம்.

கோத்தகிரியிலும் இப்படித்தான். வெளியிலிருந்து வந்தவர்கள் தேன் எடுக்கிற குறும்பர், இருளர் மக்களோடு கீஸ்டோன் அமைப்பைத் தொடங்கினார்கள். பிறகு ஆதிமலை என்று பழங்குடி மக்களே பங்குதாரர்களாக இருக்கிற உற்பத்தியாளர் கம்பெனி வந்தது. தேனை நீங்கள் விற்பதாக எழுதியிருந்தீர்கள். காட்டுத் தேன் யாருடையது, அதை எடுக்கிறவர் எந்த மரத்தில் எந்தப் பாறையில் ஏறுகிறார் என்று தெரியாமல் பாட்டிலில் அடைக்காதீர்கள். அதை மட்டும் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

---

திரும்பிவந்தவன் | 15 ஜூன் 2025

பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் போனபோது தனியாள். குழந்தையோடு போனால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எவ்வளவு தூரம் என்பதை, மழை பெய்கிற ஒரு ராத்திரியில் வண்டியில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். கூகுள் மேப் காட்டுகிற நேரத்தை நம்ப வேண்டாம்.

---

கோவைக்காரி | 7 டிசம்பர் 2025

ஆறு மாதமாக இங்கே எழுதவில்லை, மன்னியுங்கள். எழுதுவதற்கு ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன்.

நிலவளவை சார் சொன்னபடி அந்த 40 சென்ட்டின் கணக்கைப் பார்த்தோம். பாதை உரிமை பத்திரத்தில் இல்லை. விட்டுவிட்டோம். பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் பதினொரு மாத வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறோம். அவர் கோவையிலேயே வேலையில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை ராத்திரி பழனி வழியாக வண்டியில் வருகிறார். நானும் மகளும் இங்கே. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறேன், அவள் வகுப்பில் ஏழு பேர். முதல் மாதம் அழுதாள். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் சிநேகிதி வீட்டில்தான். மேல்படிப்புக்கு என்ன செய்வது என்று எங்களுக்கு இன்னும் பதில் இல்லை.

தொழில் என்றால், ஐப்பசி அறுப்பில் மூன்று வீட்டாரிடம் பூண்டுக்கு முன்பணம் கொடுத்து, அவர்கள் பரணிலேயே தொங்க விட்டிருக்கிறோம். சந்தை விலை ஏறினால் ஏறின விலைக்குக் கொடுப்பது, இறங்கினால் பேசின விலை. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். 22 லட்சத்தில் இதுவரை மூன்றரைதான் செலவு.

முதல் பார்சலில் ஒரு தவறு செய்துவிட்டேன். நன்றாகத்தான் காய்ந்திருந்தது, ஆனால் அழகாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினேன். இங்கிருந்து கூரியர் கிடையாது, பஸ்ஸில் கொடைக்கானல் டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சென்னைக்குப் போய்ச் சேர ஐந்து நாள் ஆனது. குளிரில் அடைத்தது கீழே வெயிலுக்குப் போனதும் கவருக்குள் வேர்த்து, பல்லிடுக்கில் கறுப்பாகப் பூசணம். 26 பேர் படம் எடுத்து அனுப்பினார்கள். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டேன். பரண் வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் திட்டவில்லை, "பூண்டுக்கு மூச்சு முட்டிப் போச்சு" என்றார். இனிமேல் வலைப்பையும் அட்டைப்பெட்டியும்தான். பெட்டியில் நாலு பக்கமும் ஓட்டை போட்டு இரண்டு பார்சலைச் சோதனைக்கு என் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது.

தண்ணீருக்கு எங்கள் வீட்டுக்கும் முறை உண்டு. செவ்வாயும் சனியும். போன வாரம் ஓஸ் கழன்றபோது ஊர்க்காரர்களோடு நானும் மேலே ஏறினேன். தடவிக்கொண்டே போனால் எங்கே சில்லென்று இல்லை என்று கைக்கே தெரிகிறது, அண்ணா.

---

ஜீப்டிரைவர்_கொடை | 7 டிசம்பர் 2025

எந்த ஊர் என்று தெரிந்துவிட்டது அக்கா! நம்ம வண்டி வாரத்தில் மூன்று நாள் அந்தப் பக்கம் வெறுமையாக டவுனுக்கு இறங்குகிறது. பெட்டியைக் கொடுத்து விடுங்கள், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். டீசலுக்குப் பங்கு போட்டுக்கொள்வோம். 2030இல் குறிஞ்சி பூக்கும்போது கூட்டம் அள்ளும், அதற்குள் உங்கள் பூண்டுக்குப் பெயர் வந்துவிடும்.

---

தாண்டிக்குடி_மிளகு | 8 டிசம்பர் 2025

படித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த 26 பேருக்கும் அடுத்த தடவை நல்ல பூண்டு கால் கிலோ சும்மா அனுப்பு. பாதிப் பேராவது உன்னிடமே நிற்பார்கள். என் புளித்த காபியை வாங்கினவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் என் சந்தாதாரர்கள்.

பங்குனியில் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கட்டாயம் எழுது.

---

பூண்டுக்காடு | 8 டிசம்பர் 2025

தங்கச்சி, வலைப்பையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். விதைப்பூண்டு வந்த பை எங்களிடம் இருநூறு சும்மா கிடக்கிறது, கழுவிக் காயவைத்தது. வியாழக்கிழமை காலை பால் வண்டியில் ஏற்றி விடுகிறேன். ஏழு மணிக்கு ரோட்டில் நில்லுங்கள், வண்டி ரொம்ப நேரம் நிற்காது.